ஜீப்பின் வில்லில் பிறக்கும் சப்தம்

போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் பழைய ஜீப் ஒன்றுக்கு உடையவரான வாசகர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு எழுதிய நான்கு பக்கக் கடிதத்தில், மூன்றரைப் பக்கம் ஒரே ஒரு சப்தத்தைப் பற்றியதாக இருந்தது. கல்லும் வேருமாகக் கிடக்கும் மலைப்பாதையில் வண்டியின் அடிவயிறு ஓயாமல் தட்டுவதைப் பொறுக்கமாட்டாமல், அவர் அதைச் சுமார் 4 அங்குலம் தூக்கிக் கட்டியிருக்கிறார். கட்டிய மூன்றாம் வாரத்திலிருந்து, பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும், துருப்பிடித்த கதவொன்றை யாரோ திறந்து மூடுவதுபோலப் பின்பக்கத்தில் ஒரு கிறீச்சொலி எழத் தொடங்கியிருக்கிறது. மூன்று பட்டறைகளில் காட்டியிருக்கிறார். ஒருவர் ஷாக் அப்சார்பரை மாற்றினார். இன்னொருவர் டீசலையும் பழைய எஞ்சின் ஆயிலையும் கலந்து கமான் பட்டைகளின்மேல் பீய்ச்சினார். மூன்றாமவர், "ஜீப்புன்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பணம் போயிற்று, சப்தம் போகவில்லை. கடிதத்தின் கடைசியில், முக்கியமல்லாத விஷயம்போல, ஒரு வரி இருந்தது: மழை நாட்களில் மட்டும் அந்தச் சப்தம் கேட்பதே இல்லையாம்.

அந்த ஒரு வரிக்குத் திரும்பி வருவேன். அதற்கு முன், கமான் பட்டையின்மேல் எனக்குள்ள பழைய பிரியத்தைச் சொல்லியாக வேண்டும். பாரசீகத்தில் கமான் என்றால் வில். நம்முடைய வில்வண்டியிலுள்ள வில்லும் அதுவேதான். என் பாட்டனார் காலத்து வில்வண்டி, நான் பள்ளிக்கூடம் போகும் வயது வரையில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நின்றிருந்தது. வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த வண்டி மையை அச்சுக்குத் தாராளமாகத் தடவும் வண்டிக்கார முத்தையா, அதன் அருகிலேயே இருக்கும் வில்லின்மேல் ஒரு துளிகூடப் படாமல் பார்த்துக்கொள்வார். ஏன் என்று கேட்டதற்கு, "வில்லுக்கு மை போட்டா வண்டி தூளி மாதிரி ஆடும் தம்பி" என்றார். அந்த வாக்கியத்துக்குள் ஒரு சாஸ்திரமே அடங்கியிருந்தது என்பது எனக்கு விளங்க இருபது வருஷங்கள் ஆயின.

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் கம்பெனி பெருமளவில் செய்யத் தொடங்கி, 1949 முதல் பம்பாயில் மகிந்திரா கம்பெனியால் பூட்டப்பட்டு நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த ஜீப், நான்கு சக்கரத்துக்கும் நான்கு வில்கட்டுகளின்மேல் நின்றது. நீளமான எஃகுப் பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, கீழே போகப்போகக் குட்டையாக அடுக்கப்பட்டு, நடுவில் சென்டர் போல்டினால் கோக்கப்பட்டு, யூ போல்டுகளால் அச்சோடு இறுக்கப்பட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பலர் கவனித்திராதது, அந்தக் கட்டின் ஒரு முனை மட்டுமே சேஸிஸில் நிலையாகப் பிணைந்திருக்கிறது என்பது. வளைந்த வில் பாரத்தினால் நிமிரும்போது அதன் இரு முனைகளுக்கும் இடையே உள்ள தூரம் கூடுகிறதல்லவா? அந்த அதிக நீளத்துக்கு இடம் கொடுப்பதற்காக, மறு முனை ஷாக்கிள் என்னும் சிறிய இரட்டைத் தகட்டில், ஊஞ்சலைப்போல முன்னும் பின்னும் ஆடும்படி தொங்கவிடப்பட்டிருக்கிறது.

இனி முத்தையாவின் வாக்கியத்துக்கு வருவோம். நல்லதொரு வில், தன்மேல் ஏறிய பாரத்துக்குத் தக்கபடி அமுங்கி, பாரம் நீங்கியதும் அதே வழியில் மீளவேண்டும் என்பது ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட விதியின் சாரம். ஆனால் அடுக்குப் பட்டை அந்த விதிக்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. அது அமுங்கும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து நகர்வதால், உராய்வையும் சேர்த்து எதிர்க்கிறது. மீளும்போதும் அதே உராய்வு குறுக்கே நிற்பதால், தான் வாங்கிய சக்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. மீதி உஷ்ணமாகிப் பட்டைகளுக்கிடையே கரைந்துவிடுகிறது. இந்த நஷ்டமே நமக்கு லாபம். பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி பத்துத் தடவை துள்ளாமல் இரண்டொரு தடவையில் அடங்குவது இதனால்தான். ஷாக் அப்சார்பர் என்னும் கருவி பிறப்பதற்கு முன்பு, குதிரைக் கோச்சுகளிலும் வில்வண்டிகளிலும் அதன் வேலையைப் பெரும்பாலும் செய்து வந்தது இந்த உராய்வே. சப்தம் செய்யும் உராய்வும், பிரயாணியைத் தாலாட்டாமல் காக்கும் உராய்வும் ஒன்றேதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

உராய்வு எல்லாமே கத்துவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அசையாமல் ஒட்டியிருக்கும் இரு பரப்புகளை நகர்த்த அதிக பலம் வேண்டும். நகரத் தொடங்கியபின் குறைந்த பலமே போதும். ஆகவே பட்டை ஒட்டிக்கொண்டு நிற்கிறது, விசை சேர்ந்ததும் வழுக்கி ஓடுகிறது, விசை தளர்ந்ததும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டலும் வழுக்கலும் ஒரு விநாடிக்குள் பல நூறு தடவை மாறிமாறி நிகழும்போது நம் செவிக்கு அது கிறீச்சென்று கேட்கிறது. வயலின் வித்வான் தம் வில்லின் மயிரில் பிசின் கட்டியைத் தேய்ப்பது இந்த ஒட்டலை வேண்டுமென்றே உண்டாக்குவதற்காகத்தான். அங்கே பிசின் செய்வதை ஜீப்பின் வில்லில் துருவும் செம்மண் புழுதியும் செய்கின்றன.

வண்டியைத் தூக்கிக் கட்டுவதில் பல வழிகள் உண்டு. ஷாக்கிளை நீளமாக்குவார்கள், அதை 2 அங்குலம் நீட்டினால், வில்லின் ஒரு முனை மட்டுமே தாழ்வதால், வண்டி உயர்வது ஏறக்குறைய 1 அங்குலந்தான். அதிக வளைவுள்ள புதுக் கட்டு போடுவார்கள். வளைவு கூடினால் முனைகள் நெருங்கி, ஷாக்கிள் தன் இயல்பான சாய்வை இழந்து செங்குத்தாகவோ எதிர்ப்பக்கமாகவோ நிற்கும். அப்படி நின்றால் வில் நிமிரும் சமயத்தில் அது சுகமாக ஆடாமல் முரண்டு பிடிக்கும், சில வேளை சேஸிஸில் 'டொக்'கென்று இடிக்கும். பழைய ஜீப்பில் அச்சுக்குக் கீழே இருக்கும் வில்லை அச்சுக்கு மேலே மாற்றிவைத்து ஒரே அடியாக உயர்த்துவோரும் உண்டு. அந்த வண்டிகளில், கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள முயல்வதால் வில்லுக்கு வேதனை அதிகம். எந்த வழியில் உயர்த்தினாலும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடுகிறது. அதன் மூட்டுகளிலிருந்து எழும் 'டிக் டிக்' ஒலியை வில்லின் ஒலியென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். நின்ற வண்டியைக் கையால் அமுக்கி ஆட்டும்போது கேட்டால் அது வில்லின் பக்கத்துச் சப்தம். ஓடும்போது மட்டும் வேகத்துக்குத் தக்கபடி தாளம் மாறினால் அது ஷாஃப்டின் சப்தம்.

சப்தத்தின் ஸ்தானத்தைக் கண்டுபிடிப்பதில் செவியை மட்டும் நம்பக்கூடாது என்பதை நான் கற்றது தாண்டிக்குடியில், என் மைத்துனரின் ஜீப்பில். அதுவும் தூக்கிக் கட்டிய வண்டி. சப்தம் டிரைவர் ஸீட்டுக்கு நேர் கீழே இருந்து வருகிறது என்று அவர் சத்தியம் செய்யாத குறை. எஃகு, காற்றைவிட ஏறக்குறைய 15 மடங்கு வேகத்தில் ஒலியைக் கடத்துகிறது; பின்முனையில் பிறந்த முனகல் சேஸிஸ் வழியே ஓடிவந்து, தரைத்தகட்டை வீணைக்குடம்போல அதிரவைத்து, அங்கே வெளிப்படுவது இயல்பு. சித்திரை வெயிலில் வத்தலகுண்டிலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர், ஸ்பானரை எடுப்பதற்கு முன்பாக ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று மோர் கொண்டுவரச் சொன்னோம். "மோர் அப்புறம் குடிக்கிறேன் சார், இப்பத் தண்ணி குடுங்க" என்று வாங்கிக்கொண்டு, என்னைப் பின் பம்பரின்மேல் ஏறி நின்று ஆட்டச் சொல்லிவிட்டு, சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்தார்.

இடது கட்டின் பட்டைகளின்மேல் நூல் பிடித்ததுபோல் ஊற்றினார், சப்தம் நிற்கவில்லை. வலது கட்டில் ஊற்றினார்; நிற்கவில்லை. வலது வில்லின் முன்கண்ணில் ஊற்றினார், அப்போதும் கேட்டது. பின்னால் நகர்ந்து, ஷாக்கிளின் மேல்புஷ்ஷில் அரைக் கை தண்ணீர் விட்டார். நான் ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், வண்டி ஊமையாகிவிட்டது. "மாப்பிள்ளை, இன்னும் ஆட்டுங்க!" என்கிறார் மைத்துனர், நம்பமுடியாமல். நீர் காயும் வரை காத்திருந்தோம். முனகல் மெல்லத் திரும்பி வந்தது. பிறகு அந்த இடத்தைக் காட்டினார். போல்டின் தலையைச் சுற்றி, மஞ்சள் குங்குமத்தில் குங்குமம் மட்டும் கசிந்தாற்போல, மெல்லிய செந்தூள் வளையம் ஒன்று படிந்திருந்தது. எங்கே இரும்பு அசையக்கூடாத இடத்தில் அணுவணுவாக அசைகிறதோ, அங்கே அந்தச் செந்தூள் தவறாமல் எழுதப்பட்டிருக்கும்.

காரணம் இன்னும் விசேஷமானது. ரப்பர் புஷ் என்பது போல்டைச் சுற்றி வழுக்கிச் சுழல்வதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் உள்குழாயை ஷாக்கிள் தகடுகள் இறுகப் பற்றிக்கொள்ள, ரப்பர் தன் சரீரத்துக்குள்ளேயே இப்படியும் அப்படியும் முறுகிக்கொடுப்பதுதான் அதன் தொழில். வண்டியைத் தூக்கிக் கட்டியவர்கள், ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போதே நட்டை முழுதும் முடுக்கிவிட்டார்கள். தரையில் இறங்கிய கணத்திலேயே ஷாக்கிள் வேறு கோணத்துக்குப் போய்விட்டபடியால், அந்த ரப்பர் நின்ற நிலையிலும் முறுக்கப்பட்டபடியே காலம் தள்ளியது. பள்ளம் வந்தபோது மேலும் முறுகி, ஓரத்தில் கிழிந்து, கிழிந்த இடத்தில் இரும்போடு உராய்ந்து அலறியது. மெக்கானிக் நட்டைத் தளர்த்தியதும் 'டக்'கென்று ஒரு சப்தம்; வண்டியின் பின்புறம் இழையளவு தாழ்ந்தது. புதுப் புஷ்களைப் போட்டு, நட்டுகளைக் கைமுடுக்காகவே வைத்துத் தரையில் இறக்கி, எங்கள் இருவரையும் ஏற்றி ஆட்டி, வண்டி தன் இயல்பான உயரத்தில் அமர்ந்தபிறகே இறுதியாக முடுக்கினார். அதற்குப்பிறகுதான் மோர் குடித்தார்.

இவ்வளவு எளிய காரியத்துக்கு முன்பு அந்த வண்டியிலும் கழிவு ஆயில் அடிக்கப்பட்டிருந்தது. எனக்கு இந்த வழக்கத்தின்மேல் உண்மையாகவே மனவருத்தம் உண்டு. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி இளகிப்போகிறது. எண்ணெயில் ஒட்டிய புழுதி அரைத்த விழுதாகிப் பட்டையைத் தேய்க்கிறது. சொட்டும் மிச்சம் மலை ஓடைகளில் கலக்கிறது. சப்தம் இரண்டு வாரம் அடங்கியிருக்கும். அந்த இரண்டு வாரத்தில், தளர்ந்த யூ போல்டு ஒன்று சென்டர் போல்டை அறுத்து அச்சையே இடம் பெயர்த்துவிடலாம். பதிவுசெய்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விதித்திருப்பதையும் கடிதம் எழுதிய நண்பர் அறிந்திருக்கவேண்டும். உயர்த்திய வண்டியின் பாரமையம் உயர்கிறது. காய் பறிக்கப் போகும் பெண்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் வண்டி அது. அவர்களுக்காகவேனும், ஒவ்வொரு முனகலையும் விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்.

அவருடைய மழைநாள் வரிக்கு இப்போது வருகிறேன். தளர்ந்த போல்டையும் உடைந்த பட்டையையும் மழை மௌனமாக்காது. மழையில் அடங்குவது உராய்வின் ஒலி. ஆகவே அவருடைய குறை பெரும்பாலும் புஷ்களிலோ பட்டைகளின் நுனிகளிலோ இருக்கவேண்டும். வெயில் நாளில் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகாமல், ஒருவர் ஆட்ட ஒருவர் ஊற்றட்டும். பட்டையில் ஊற்றி நின்றால், கட்டைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, நுனிகளுக்கிடையே நைலான் துண்டுகள் வைத்துச் சேர்க்கவேண்டும். புஷ்ஷில் ஊற்றி நின்றால், தாண்டிக்குடி வைத்தியமே போதும். யூ போல்டு நட்டுகளின் குறுக்கே சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழித்துவைத்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் கோடு விலகியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். எந்த இடத்தில் தண்ணீர் பட்டதும் சப்தம் நின்றது என்பதை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடட்டும். வலது பின் ஷாக்கிளாக இருக்கலாம் என்பது என் ஊகம்.