முப்பது நாள் கணக்கு

லயத்து வீட்டில் ஒரு பெண்பிள்ளைக்கு நாள் தள்ளிப்போனால் முதலில் கவனிப்பவர் தாய்தான். அந்தத் தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருந்தால் கவனிக்க ஆளில்லை. 16, 17 வயதுப் பிள்ளை ஊர் வாய்க்குப் பயந்து, வயிறு தெரியும்வரை மூடி மறைக்கிறாள். ஹட்டன், நுவரெலியா தோட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. இப்படி மறைவில் கழியும் வாரங்களுக்குக் குழந்தை கொடுக்கும் விலை என்ன என்பதைச் சிபிலிஸ் நோயை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

பழைய வைத்தியர்கள் மேகப்புண் என்று அழைத்த நோய் இது. சுருள் வடிவக் கிருமியான ட்ரெபோனேமா பாலிடம் இதற்குக் காரணம் என்று 1905இல் ஜெர்மனியில் ஷௌடினும் ஹாஃப்மனும் கண்டறிந்தார்கள். உடலுறவின் வழியே தொற்றும். முதலில் வலியில்லாத புண் ஒன்று வந்து, மருந்தில்லாமலே ஆறிவிடும். சில வாரங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்புகள் தோன்றும், அவையும் மறையும். சுகமாகிவிட்டது என்று நோயுற்றவள் நம்புவாள். கிருமியோ உடலிலேயே தங்கி, இரத்தத்தின் வழியே சூல்வித்தகத்தைத் தாண்டிச் சிசுவைப் பிடிக்கும்.

குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம். குறைமாதத்தில், நிறை குறைந்து பிறக்கலாம். ஈரலும் மண்ணீரலும் வீங்கி, மூக்கு ஓயாமல் ஒழுகி, எலும்பு நோவால் கையை அசைக்காமல் கிடக்கலாம். பல குழந்தைகள் பிறக்கும்போது எந்தக் குறையும் காட்டுவதில்லை. ஆண்டுகள் கழித்துச் செவியும் பார்வையும் பாதிக்கப்படலாம். 2022இல் மட்டும் உலகில் சுமார் 7 இலட்சம் சிசுக்களுக்குத் தாயிடமிருந்து இந்நோய் தொற்றியதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது.

இத்தனைக்கும் மாற்று, பழைய பென்சிலின் ஊசிதான். ஆரம்பநிலைத் தொற்றுக்குப் பென்சத்தீன் பென்சிலின் 24 இலட்சம் அலகு, ஒரே தடவை. நாள்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று தடவை. அது சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவையும் குணமாக்கும். ஆனால் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே சிகிச்சை தொடங்கியிருக்க வேண்டும். துணைவருக்கும் சிகிச்சை வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி தொற்றும்.

இலங்கைக்கு இது நன்றாகவே தெரியும். கர்ப்பிணித் தாய் கிளினிக்கில் எடுக்கும் சிறிதளவு இரத்தத்தில் சிபிலிஸுக்கான வீ.டி.ஆர்.எல். பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது; 12 வாரத்துக்குள் செய்வதே சிறப்பு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றளித்தது. நாம் ‘மிஸ்’ என்று அழைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் மலையேறி, லயம் லயமாக நடந்ததன் பலனும் அதில் உண்டு.

அந்தச் சான்றுக்கான அளவுகோல்களில் ஒன்று, கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. மீதமுள்ள ஐவரில் ஒருத்தியாகிவிடும் ஆபத்து, பயந்து ஒளிந்திருக்கும் பிள்ளைக்கே அதிகம். ஏழாம் மாதத்தில் அவள் வந்தாலும் ஊசிக்கு நேரமிருக்கிறது. பிரசவ வலியோடு வந்தால், அந்த முப்பது நாள் கைவிட்டுப் போயிருக்கும்.

அதனால், பிள்ளை வாய் திறந்து சொல்லும் நாளில் வீட்டார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “யார்?” என்பதல்ல. “எத்தனை மாதம், மகள்? நாளைக்கே மிஸ்ஸிடம் போவோமா?” என்று கேளுங்கள். திட்டுவதற்கும் அழுவதற்கும் பிறகு நேரமிருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு நாட்கள்தான் குறைவு.