பீலித் தண்ணி சொல்லித் தந்த பாடம்

அடைமழை நாட்களில் தோட்டத்து ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே நாளில் மலையடி ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணி தெளிவாக விழும். இரண்டும் ஒரே மழைதானே? ஒன்று மண்ணுக்கு மேலால் ஓடி அழுக்கை அள்ளிக்கொண்டு வருகிறது. மற்றது மண்ணுக்குள் இறங்கி, மணலுக்கும் கல்லிடுக்குக்கும் ஊடாக மெல்ல மெல்லக் கசிந்து வருகிறது. மலை செய்யும் இந்த வேலையை ஒரு தொட்டிக்குள் செய்ய வைப்பதுதான் மணல் வடிகட்டி.

1804இல் ஸ்கொட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஜோன் கிப் என்பவர் துணி வெளுக்கும் தொழிற்சாலை நடத்தினார். கலங்கிய தண்ணி துணிக்கு ஆகாதே! எனவே சரளை, மணல் ஊடாக நீரைக் கசியவிட்டார். மிஞ்சியதை ஊர் மக்களுக்கு விற்றார். 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் என்ற பொறியியலாளர் இலண்டன் செல்சீ பகுதி நீர் வழங்கலுக்காகப் பெரிய வடிகட்டி கட்டினார்.

தொட்டியின் அடியில் குழாய்கள், அதற்கு மேல் சரளை, அதற்கு மேல் ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்துக்கு நுண்மணல். தண்ணி மணித்தியாலத்துக்கு 10 முதல் 20 சென்ரிமீற்றர்தான் இறங்க வேண்டும். அவசரப்பட்டால் காரியம் கெட்டுப்போகும். ஏனென்றால் முக்கிய வேலையைச் செய்வது மணல் மட்டுமல்ல. சில வாரங்களில் மணலின் மேல் வழுவழுப்பான மெல்லிய படை ஒன்று உண்டாகும். பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே நோய்க்கிருமிகளைப் பிடித்துத் தின்கின்றன. கிப்புக்கும் சிம்ப்சனுக்கும் இது தெரியாது. தெளிந்த தண்ணி கிடைத்தால் போதும் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

அந்தப் படையின் பெறுமதி 1892இல் ஜேர்மனியில் தெரியவந்தது. ஹம்பர்க், அல்ட்டோனா ஆகிய இரண்டு நகரங்களும் ஒட்டியே இருந்தன. இரண்டுக்கும் எல்ப் ஆற்றுத் தண்ணிதான். அல்ட்டோனா எடுத்ததோ ஹம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு வரும் தண்ணி! ஆனால் அதை மணலில் வடித்தார்கள். ஹம்பர்க் வடிக்காமல் கொடுத்தது. அந்த ஆண்டு கொலரா வந்தபோது ஹம்பர்க்கில் 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அல்ட்டோனாவில் பாதிப்பு மிகக் குறைவு. எல்லையில் இருந்த ஒரு தெருவில், ஹம்பர்க் குழாய் இருந்த பக்கம் நோய் வந்தது, எதிர்ப்பக்கம் தப்பியது. இதை ரொபர்ட் கொக் என்ற விஞ்ஞானி எடுத்துக்காட்டினார். அடுத்த ஆண்டே ஹம்பர்க்கும் வடிகட்டியை இயக்கியது.

அப்படியானால் பீலித் தண்ணியை அப்படியே குடிக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. ஊற்றுக்கு மேலே மலசலகூடக் குழியோ மாட்டுக் கொட்டிலோ இருந்தால், கண்ணாடி போன்ற தண்ணியிலும் கிருமி வரும். புள்ளைங்களுக்கு வயிற்றோட்டம் அப்படித்தான் வருகிறது. கொதித்தாறிய நீரையே கொடுங்கள். ஆனால் தேயிலைக்குப் போடும் உரமும் புல்லுக்கு அடிக்கும் மருந்தும் தண்ணியில் கரைந்துவிட்டால், கொதிக்க வைத்தாலும் போகாது; மணலையும் நம்ப முடியாது. ஆகவே ஊற்றுக்கு மேலே மருந்து அடிக்க வேண்டாம் என்று கங்காணியிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

இன்னொன்று. மழை பெய்த உடனே பீலித் தண்ணியும் கலங்கினால், மண்ணில் வடியாத மேல்தண்ணி எங்கேயோ ஊற்றுக்குள் விழுகிறது என்று அர்த்தம். மேலே ஏறிப் பார்த்து, அந்தத் தண்ணியைத் திருப்பிவிட ஒரு கான் வெட்ட வேண்டும்.