பெயரில் மட்டும் வாழும் மூர் மார்க்கெட்

சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்துக்கு ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்று பெயர். முன்பதிவு மையமும் அங்கேதான். இன்று அங்கே மார்க்கெட் எதுவும் இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. 1898-ல் சர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டி, 1900-ல் திறக்கப்பட்ட செங்கல் கட்டடம் அது. இந்தோ-சாரசெனிக் பாணி. நடுவில் திறந்த முற்றம், அதைச் சுற்றிக் கடைகள். பாதி விலைக்குப் பாடப் புத்தகம், கீறல் விழுந்த இசைத்தட்டு, கூண்டுக் கிளி என்று எதைத் தேடினாலும் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1985 மே மாதத் தீ அதை விழுங்கியது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. பழையதன் நினைவாக, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் சின்னஞ்சிறு மாதிரி ஒன்றை வைத்தார்கள்.

எனக்கு அது போதவில்லை. ஒரு கட்டடத்தை நாம் அறிவது அதன் நிழலில் நின்று, அதன் தூணில் சாய்ந்து. குனிந்து பார்க்கும் பொம்மையில் அந்த அனுபவம் எப்படி வரும்?

டோக்கியோவில் வேறு மாதிரி செய்தார்கள். பிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்து 1923-ல் திறக்கப்பட்ட இம்பீரியல் ஹோட்டலை 1960-களின் இறுதியில் இடித்தார்கள். முகப்புக் கூடம் மட்டும் இனுயாமாவிலுள்ள மெய்ஜி-முரா திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி கட்டப்பட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது, அதே இடத்தில் எழுந்த புதிய ஹோட்டலின் மதுக்கூடம். அதன் சுவரில் ரைட் காலத்து ஓயா கல்லும் சுடுமண் துண்டுகளும் பதிந்திருக்கின்றன. ஓயா, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்மையான கல். மேலெல்லாம் பொத்தல் பொத்தலாக இருக்கும், உளிக்கு எளிதில் இடம் கொடுக்கும். ரைட்டின் நுணுக்கமான கோடுகளும் கட்டங்களும் அதில் படிந்தது அதனால்தான். குடிக்க வந்தவர் கை நீட்டினால் அந்தக் கல்லையே தொடலாம்.

சென்னையிலும் ரயில் முன்பதிவு வரிசை நிற்கும் கூடத்தில் பழைய செங்கல்லால் ஒரே ஒரு வளைவு எழுந்திருந்தால் போதுமே! இனி எந்தப் பழைய கட்டடத்தை இடித்தாலும், முதலில் அளந்து வரைபடம் எடுக்க வேண்டும். எந்தக் கதவு, எந்தத் தூண் புதியதில் எங்கே வரும் என்பதை டெண்டரிலேயே எழுத வேண்டும்.

மூர் மார்க்கெட்டின் உயிர் அதன் வியாபாரிகளோடு பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயிற்று. அந்தப் பழைய புத்தகக் கடைகளில் நாலைந்துக்காவது ரயில்வே தன் கட்டடத்தின் தரைத்தளத்தில் இடம் ஒதுக்கலாம்.