கண்ணாடி நார்ப் பண்டங்கள் செய்வோர் கவனத்திற்கு

களிமண்ணுடன் வைக்கோலைப் பிசைந்து குதிர் அமைத்த நம் முன்னோர், இரு பொருள்கள் கூடினால் தனித்தனியே இல்லாத வலிமை பிறக்கும் என்பதை அறிந்திருந்தனர். கண்ணாடி நார்ப் பண்டமும் அத்தகையதே. நார் வலிமை தருகிறது. ரெசின் என்னும் பிசின் அதனைப் பிணைத்து உருவம் தருகிறது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் அச்சில் பொம்மை வார்ப்பதைக் கண்டவர்களுக்கு இத்தொழில் புதிதாகத் தோன்றாது. தொட்டி மூடி, இருக்கை, சிலை முதலியவற்றை வீட்டுக் கொட்டகையிலேயே செய்யலாம். ஆயினும், களிமண்ணுக்கு இல்லாத அபாயங்கள் ரெசினுக்கு உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

முதலாவது, கலக்கும் முறை. ரெசினை இறுகச் செய்ய கோபால்ட் திரவமும் ஹார்ட்னரும் தேவை. இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஆகவே கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்க வேண்டும். ஹார்ட்னரைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி அளவைக் குவளைகள் இருத்தல் அவசியம்.

இரண்டாவது, அளவு. ஒரு கிலோ ரெசினுக்குப் பொதுவாக 10 முதல் 20 கிராம் ஹார்ட்னர் போதும். கோடையில் கலவை விரைவில் இறுகுமாதலால், சிறிது சிறிதாகவே கலந்து கொள்வது நலம். மிஞ்சிய கலவையை டப்பாவில் குவித்து வைத்தால் அது தானே சூடேறிப் புகையும். தகரத் தட்டில் மெல்லப் பரப்பி வெளியில் வைத்திடுக.

மூன்றாவது, காற்று. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரின் ஆவி சுமார் 32 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றத் தக்கது; மதுரைச் சித்திரை வெயில் அதனினும் மிகுதி. அந்த ஆவி காற்றைவிடக் கனமாதலால் தரையில் தவழ்ந்து அடுப்பை எட்டும். எனவே சமையலறை அருகிலும், பீடி புகைப்போர் இடையிலும் இவ்வேலை கூடாது. முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது; அதற்குரிய வடிகட்டி முகமூடியே வேண்டும். உராய்க்கும்போது நீர்விட்டு உராய்த்தால் தூசி அடங்கும்.

இறுதியாக, கண். ஹார்ட்னர்த் துளி கண்ணில் பட்டால் பார்வையே பறிபோகலாம். 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற சிறந்த நிலையங்கள் மதுரையில் உள்ளன. ஆனால் அங்குச் செல்லும்வரை காத்திராது, உடனே சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் கண்ணைக் கழுவிய பின்னரே புறப்பட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, அருகில் நீர்க்குடம் வைத்த பின்னரே ஹார்ட்னர்ப் புட்டியைத் திறக்குமாறு நாம் வேண்டுகிறோம்.