கிளையில் குடியிருக்கும் வாண்டா

சென்ற வாரம் தரையில் முளைக்கும் ஆர்க்கிட்களைப் பார்த்தோம். இந்த வாரம் மரமேறிகள்.

பெங்களூரில் ஈஜிபுராவின் நெருக்கமான சந்துகளில் நடந்தால், இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி பால்கனிகளில் மண்ணே இல்லாத கூடைகள் தொங்குவதைப் பார்க்கலாம். கூடைக்கு வெளியே கயிறு கயிறாக வேர்கள். நர்சரியில் வாங்கிய வாண்டா ஆர்க்கிட் அது. பெரும்பாலும் தாய்லாந்தில் உருவான கலப்பினம். அதன் காட்டு உறவுகள் நம் மண்ணிலேயே இருக்கின்றன என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது.

கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் எழுத்தில் பதிவு செய்த இந்தப் பேரினத்தை, 1820-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் முறையாக வரையறுத்தார். அதன் மாதிரி இனமான வாண்டா டெசலேட்டா நம் ஊர்ச் செடி. பச்சை கலந்த மஞ்சள் இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவில் ஊதா உதடு, நல்ல மணம். தென்னிந்தியாவின் வறண்ட இலையுதிர் காடுகளில் மா, இலுப்பை போன்ற சொரசொரப்பான பட்டை கொண்ட மரங்களில் இது வளரும். பெங்களூருக்குத் தெற்கே பன்னேர்கட்டாவில் தொடங்கும் காடுகளும் அந்த வகைதான்.

பொன்மஞ்சள் பூக்கும் வாண்டா ஸ்பாதுலேட்டாவுக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் மட்டுமே வீடு. நீல வாண்டா வடகிழக்கின் மலைகளுக்கு உரியது. அது பட்ட பாட்டைச் சொல்லாமல் நகர முடியாது. 1850-ல் அங்குள்ள காசி மலைக்குப் போன தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை நீல வாண்டாவைப் பிடுங்கினார். உயிரோடு இங்கிலாந்து சேர்ந்தவை மிகச் சில. இன்னொருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை, வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விலைபோனது. பிறகு மலையை யார் விட்டுவைப்பார்கள்? இன்று அந்தச் செடிக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது. டெசலேட்டாவுக்கு வேறு ஆபத்து: அதன் வேர் 'ராஸ்னா' என்ற பெயரில் மருந்துச் சந்தைக்குப் போகிறது.

வாண்டாவைப் 'புல்லுருவி' என்று நினைத்து வெட்டி எறிபவர்களும் உண்டு. அது தவறு. வாண்டா மரத்தில் இடம் மட்டும் கேட்கும் குடித்தனக்காரர். வீட்டுக்காரரின் சாற்றில் ஒரு சொட்டும் எடுப்பதில்லை. வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை மழைநீரையும் பனியையும் உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்தால் வெண்மை, நனைந்தால் பச்சை.

ஒரு காயில் லட்சக்கணக்கில் விதைகள் இருந்தாலும், தூசு போன்ற அவற்றில் சேமித்த உணவு கிடையாது. சரியான பூஞ்சை வந்து ஊட்டினால்தான் காட்டில் முளைக்கும். 1922-ல் தாவரவியலாளர் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதைகளை முளைக்க வைத்தார். ஆக, ஆய்வகத்திலேயே வளர்க்க முடியும்போது, காட்டிலிருந்து பிடுங்க இன்று எந்த நியாயமும் இல்லை.

வாசகர்களிடம் இரண்டு வேண்டுகோள். ஆர்க்கிட் வாங்கும்போது, ஆய்வகத்தில் வளர்த்ததா என்று கேளுங்கள். காட்டுச் செடி என்றால் வாங்காதீர்கள். உங்கள் தெருவில் மழைக்காற்றில் பழைய மரம் சாய்ந்தால், துண்டு போடுவதற்குமுன் கிளைகளைப் பாருங்கள். ஆர்க்கிட் கொத்து இருந்தால் வேர் முறியாமல் எடுத்து, அருகிலுள்ள சொரசொரப்பான மரத்தில், அரைநிழல் படும் உயரத்தில், தென்னை நார்க் கயிற்றால் கட்டிவிடுங்கள்.