வாடகைப் படகில் பிடிக்கும் சின்ன மீன்: பொறுப்பு யாருடையது?

கோடை வந்தால் பிறைற்றன், ஹேஸ்ரிங்ஸ், வெய்மத் போன்ற கரையோரப் பட்டினங்களில் மீன்பிடிக்கக் கூட்டிப் போகும் வாடகைப் படகுகள் ஓடத் தொடங்கும். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் காசு சேர்த்து, "நீங்களும் வாங்கோ, ஒரு நாள் கடலுக்குப் போவம்" என்று கூப்பிடுவார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர்கள் இப்படிப் பொழுதுபோக்காகப் போவதற்குத் தடையில்லை. கடலில் தூண்டில் போட லைசென்சும் தேவையில்லை. (ஆறு, குளம் என்றால் கதை வேறு. இங்கிலாந்தில் 13 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் அங்கே தூண்டில் போட லைசென்ஸ் எடுக்க வேண்டும்.)

ஆனால் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவருவதற்குச் சட்டம் இருக்கிறது. இது தெரியாமல் ஒரு சகோதரர் கடிதத்தோடு எமது அலுவலகத்துக்கு ஓடி வந்தார். ஊரில் கடற்றொழில் செய்தவர். எட்டுப் பேராகப் போயிருக்கிறார்கள். கரைக்கு வந்தபோது இறங்குதுறையில் மீன்பிடி அதிகாரி நின்றார். பெட்டியைத் திறந்து அளந்தார், அளவுக்குக் குறைந்த மீன்கள் இருந்தன. "நான் ஒண்டும் பிடிக்கேல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது மட்டும்தான்" என்றார் எங்களிடம். விடயம் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. ஆனால் அதுவரை இரண்டு மாதம் அவருக்கு நித்திரை இல்லை, கேஸ் பழுதாகிவிடுமோ என்ற பயம்.

பிரச்சினை பெரும்பாலும் சீ பாஸ் மீனால்தான் வருகிறது. பார்வைக்கு எங்கள் கொடுவா போல இருக்கும். பொழுதுபோக்காகப் பிடிப்பவர்கள் 42 சென்ரிமீற்றருக்குக் குறைந்த சீ பாஸை வைத்திருக்கக் கூடாது. 2015 செப்ரெம்பருக்கு முன் இந்த அளவு 36 ஆக இருந்தது. அந்த அளவில் பெண் மீன்கள் பெரும்பாலும் ஒரு தரமேனும் முட்டையிட்டிருக்காது, அதனால்தான் கூட்டினார்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நேராக அளக்க வேண்டும், உடம்பின் வளைவோடு நாடாவைப் பிடிக்கக் கூடாது.

"கடையிலே இதைவிடச் சின்னனாக விக்கிறாங்களே?" என்று கேட்பீர்கள். கடையில் ஒரு கோப்பைக்கு ஒன்று என்ற அளவில் கிடக்கும் சீ பாஸ், துருக்கி, கிரேக்கம் போன்ற நாடுகளில் பண்ணையில் வளர்த்தது. அதற்கு இந்த அளவுச் சட்டம் இல்லை. கடை மீனைப் பார்த்து அளவைப் பழகினால் கடலில் பிழைத்துப்போகும்.

எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2025 இல் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சீ பாஸ் ஒன்றுகூட வைத்திருக்க முடியாமல் இருந்தது, மற்ற மாதங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 மட்டும் என்று இருந்தது. இது ஆண்டுதோறும் மாறக்கூடியது, ஆகவே போகும் முன் அந்த ஆண்டின் கணக்கைக் கேளுங்கள். நண்டு, சிங்க இறால், வேறு மீன்களுக்கும் அளவுகள் உண்டு. இங்கிலாந்தின் கரையோரம் 10 அதிகாரசபைகளின் கீழ் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கென விதிகள் வைத்திருப்பதால் ஓரிடத்தில் சரியானது அடுத்த இடத்தில் பிழையாகலாம். வேல்ஸிலும் ஸ்கொட்லாந்திலும் நிர்வாகமே வேறு.

இனிப் பொறுப்புக்கு வருவோம். சின்ன மீன் தூண்டிலில் கொழுவுவது குற்றமில்லை, அதை யாரும் தடுக்க முடியாது. உடனே கடலில் விடாமல் வைத்திருப்பதுதான் குற்றம். செத்திருந்தாலும் விடத்தான் வேண்டும். இரைக்கு வெட்டலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

படகின் ஸ்கிப்பருக்குப் பொறுப்பு உண்டு. மீன்பிடிச் சட்டங்கள் படகில் நடக்கும் குற்றத்துக்கு ஸ்கிப்பர், படகுச் சொந்தக்காரர், படகை மொத்தமாக வாடகைக்கு எடுத்தவர் ஆகிய மூவரையும் தனித்தனியே பிடிக்கக் கூடியவை. மூன்றாவது ஆளைக் கவனியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்பதற்காக உங்கள் பெயரில் முழுப் படகையும் புக் பண்ணச் சொன்னால், என்ன பொறுப்பு வரும் என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஸ்கிப்பர் மாட்டினால் நீங்கள் தப்பினீர்கள் என்றும் இல்லை. மீனை வைத்திருந்தவர் தன் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஸ்கிப்பர் ஓம் எண்டவர்" என்பது உங்களைக் காப்பாற்றாது. நல்ல ஸ்கிப்பர் அளவுப்பலகை வைத்திருப்பார், கேட்டால் அளந்து காட்டுவார். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

எல்லாரும் ஒரே பெட்டியில் போடும் பழக்கம்தான் எங்கள் ஆட்களைக் கூடுதலாக மாட்டிவிடுகிறது. யார் பிடித்தது என்று பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மீனைத் தனிப் பையில் வையுங்கள். மற்றவர் "கறிக்குக் கொண்டுபோங்கோ" என்று தந்தால் அளந்து பார்த்து வாங்குங்கள், கையில் வந்தபின் அது உங்கள் மீன். கடலிலேயே தலையையும் வாலையும் வெட்டிவிடாதீர்கள், கரைக்கு வரும்வரை முழு மீனாக இருக்கட்டும்.

மிச்ச மீனைத் தமிழ்க் கடைக்கோ உணவகத்துக்கோ விற்கவே கூடாது. பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பது குற்றம். உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது: காசுக்குச் செய்தால் அது வேலை. கடற்றொழில் தெரிந்தவர்களைச் சில படகுக்காரர் "சும்மா வந்து உதவி செய்யும், பின்னேரம் நாற்பது பவுண் தாறன்" என்று கூப்பிடுவதுண்டு. தூண்டில் கட்டிக் கொடுப்பதும் மீன் வெட்டிக் கொடுப்பதும் படகு கழுவுவதும் வேலைதான். காசுக்குப் பதில் மீன் தந்தாலும் வேலைதான். ஹோம் ஒஃபிஸ் அனுமதியில்லாமல் வேலை செய்வது கிறிமினல் குற்றம். சின்ன மீன் விடயத்தைவிட இதுதான் உங்கள் கேஸுக்குக் கூடுதலாக இடைஞ்சல் தரும்.

அதிகாரி மறித்தால் ஓட வேண்டாம், மீனைத் தண்ணீரில் எறிய வேண்டாம், பொய்ப் பெயர் சொல்ல வேண்டாம். மறைப்பதும் தடுப்பதும் தனிக் குற்றங்கள். அவர் குடிவரவு அதிகாரி அல்ல. படகையும் பெட்டியையும் சோதிக்கவும் பெயர், விலாசம் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. நடந்ததைப் பற்றி விசாரணை செய்யப் போவதாகச் சொன்னால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், சொலிசிற்றரோடு கதைத்துவிட்டுப் பதில் சொல்வதாகவும் சொல்லலாம். விளங்காத பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

சிறிய அளவென்றால் எச்சரிக்கையோடு விடுவார்கள், அல்லது தண்டப்பணம் வரும். நீதிமன்றம் போனால் இங்கிலாந்தில் தண்டத்துக்கு மேல் எல்லை இல்லை, ஆனாலும் உங்கள் வருமானத்தைப் பார்த்தே தொகையை முடிவு செய்வார்கள், தவணையில் கட்டவும் கேட்கலாம். இப்படியான தண்டம் ஒன்றுக்காக மட்டும் அகதிப் பாதுகாப்பு மறுக்கப்படாது. ஆனால் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் கண்டால், பிற்காலத்தில் நிரந்தர வதிவிடத்துக்கும் பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது மறைக்காமல் எழுத வேண்டிவரும். ஆகவே உங்கள் குடிவரவுச் சொலிசிற்றருக்கு அன்றே தெரிவியுங்கள்.

கடிதம் வந்தால் பயத்தில் மேசைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். பதில் அனுப்பக் கெடு திகதி இருக்கும். உறையையும் எறியாமல், கிடைத்த திகதியை அதில் எழுதி, எமது அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசித்து விளங்கப்படுத்துவதற்குக் காசு இல்லை.