முட்டுக்காடு: யாருக்குப் புறம்?

'புறநகர்' என்கிற சொல்லுக்குள் ஓர் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. மையம் எங்கோ இருக்கிறது, மற்றதெல்லாம் அதற்குப் புறம். சென்னைக்குத் தெற்கே சுமார் 35 கி.மீ. தொலைவிலுள்ள முட்டுக்காடும் நமக்கு இப்படித்தான் அறிமுகம்: 1984இல் வந்த படகுத்துறை, 1996இல் திறந்த தட்சிணசித்ரா, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. அவ்வளவுதான்.

ஆனால் வரலாறு வேற மாதிரி சொல்லுது. கழிமுகத்தை ஒட்டிய கோவளம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே துறைமுகம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்த அதன் கோட்டையை 1752இல் கிளைவ் கைப்பற்றினான். பிறகு அது தகர்க்கப்பட்டது. விளிம்பு தானாக அமைவதில்லை. பீரங்கிக்கும் அதில் பங்குண்டு.

நீரின் வழியே போனால் இந்தப் படிநிலை தலைகீழாகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் தென்சென்னையின் மழைநீர், ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, தெற்கே வந்து முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுகிறது. கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துக்கொள்ளும். வாய் திறந்தால்தான் வெள்ளம் வடியும். மீன்குஞ்சும் இறாலும் கடலிலிருந்து கழிக்குள் ஏறும். சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிய நகரம் 2015 டிசம்பரில் தண்ணீரில் நின்றது. அதன் சாக்கடையும் இதே கால்வாயில்தான் வருது. அது போய்ச் சேர்வது கழியில் வலை வீசுகிறவர்களிடம்.

ஆக, சாலையை வைத்துப் பார்த்தால் முட்டுக்காடு சென்னையின் வால். நீரை வைத்துப் பார்த்தால் சென்னை முட்டுக்காட்டின் மேற்பகுதி. வெள்ள வடிகால் திட்டம் போடும் மேசையில் அந்த மீனவர்களுக்கு இடம் கேட்பது சலுகை கேட்பதல்ல. வடிகாலின் வாயில் வாழ்கிறவர்கள் அவர்கள்தான்.